லித்தியம் இரும்பு பாஸ்பேட் இன்வர்ட்டர் பேட்டரி: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பல ஆண்டுகளாக ஈய அமில டியூபுலர் பேட்டரிகள்தாம் இருந்துவந்தன. மூன்றாவது பேட்டரியும் படுத்துவிட்டபோது, சென்ற ஆண்டு சித்திரையில், அதே இடத்தில் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றை வாங்கி வைத்தேன். இவ்வகையைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. உள்ளிருக்கும் பொருளும் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வகையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே இருக்கும் பொருள் கொடுத்த விலைக்குத் தகுதியானது, ஆனால் அதை விற்பவர்களும், அதனுடன் இணைக்கப்படும் இன்வர்ட்டர்களும் அந்தப் பொருளின் இயல்பை இன்னும் முழுமையாக அறிந்துகொள்ளவில்லை.

பழைய பேட்டரியை இருவர் சேர்ந்து மூச்சு வாங்கத் தூக்கி வெளியே வைத்தார்கள். அது நின்ற இடத்தில் மொசைக் தரை அமிலம் பட்டு வெளிறி, கை வைத்தால் சொரசொரத்தது. அதன் முனையில் வெண்பச்சை நிறத்தில் பூத்திருந்த உப்பை நான் மாதந்தோறும் வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். புதியது பதினொரு கிலோவுக்குச் சற்றே அதிகம் என்பதால், கடையிலிருந்து நானே ஒரு கையில் எடுத்துவந்தேன். இதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, மிதவையைப் பார்க்க வேண்டியதில்லை. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயுவோ அமில ஆவியோ வெளிவருவதுமில்லை. படுக்கையறையை ஒட்டிய இடத்தில் பேட்டரி வைத்திருப்போருக்கு இது ஒன்றே போதுமான காரணமாகலாம்.

இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் வேர் பொருளின் அமைப்பில் இருக்கிறது. ஈய பேட்டரியில் ஒவ்வொரு முறை மின்சாரம் எடுக்கும்போதும் தகடுகளில் உள்ள பொருளே ஈய சல்பேட்டாக மாறி, மின்னேற்றும்போது மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. சுவரை இடித்து இடித்துக் கட்டுவது போன்ற வேலை இது. சில ஆண்டுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிப்போய், மின்னேற்றினாலும் கரையாமல் தங்கிவிடுகின்றன. இரும்பு பாஸ்பேட்டிலோ வீடு அப்படியே நிற்க, குடியிருப்போர் மட்டும் வந்துபோகிறார்கள்: லித்தியம் அயனிகள் படிகச் சட்டத்திலிருந்து வெளியேறி, எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டுக்குள் புகுந்து, திரும்பவும் வந்து சேர்கின்றன, சட்டம் சுமார் ஏழு விழுக்காடு சுருங்கி விரிவதோடு சரி. அந்தச் சட்டத்தில் பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்திருப்பதால், சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் பிரிந்து வராது. கோபால்ட், நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரிகளைக் காட்டிலும் இது தீ விபத்துக்குக் குறைவாக இடம் தருவதற்குக் காரணம் அதுவே. ஆயினும் உள்ளிருக்கும் மின்பகுதிரவம் எரியக்கூடியதுதான். “தீயே பிடிக்காது” என்று யாரேனும் சொல்லி விற்றால் அதை நம்ப வேண்டாம்.

இந்தப் பொருள் வந்த வழியில் நம்மவர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது. தென்தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களின் பிற்பகுதியில் லித்தியம் பேட்டரி ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்க அறிஞர் ஜான் குட்இனஃப்புடன் பணியாற்றியபோது, வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற தொகுதிகளை இரும்புடன் சேர்த்தால் மின்னழுத்தம் கூடுகிறது என்று காட்டினார். அந்தப் பாதையில் தொடர்ந்த பணியின் விளைவாக, ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகிய ஆய்வாளர்கள் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றிய கட்டுரையை 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டார்கள். 2019-இல் குட்இனஃப்புக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம் என்பதை நான் எத்தனை முறை நினைத்தாலும் மனம் நிறைகிறது.

அந்த 1997 கட்டுரை, இப்பொருள் விலை மலிவானது, நச்சற்றது என்று பாராட்டிய கையோடு, குறைந்த திறனுள்ள பேட்டரிகளுக்கே இது ஏற்றது என்றும் சொல்லியிருந்தது. அன்று அவர்களால் பொருளிலிருந்த லித்தியத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டைத்தான், அதுவும் மிகச் சிறிய மின்னோட்டத்தில், வெளியே எடுக்க முடிந்தது. ஏனெனில் இரும்பு பாஸ்பேட் மின்சாரத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தமானது. துகள்களை நானோ அளவுக்குச் சிறிதாக்கியதும், ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய கரிப்பூச்சு ஏற்றியதும்தான் அந்தக் குறையைப் போக்கின. இன்று அதே பொருள் கார்களையே ஓட்டுகிறது. 2024-இல் உலக மின்வாகன பேட்டரிச் சந்தையில் ஏறக்குறைய பாதி இதனுடையது. வேதியியல் வாய்பாடு மாறவேயில்லை, துகளை உருவாக்கும் முறை மட்டும் மாறியது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, பொருளறிவியல் என்ற துறையின் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது.

இனி என் வீட்டில் நடந்தவற்றுக்கு வருகிறேன். முதல் வாரத்திலேயே தொல்லை தொடங்கியது. பேட்டரியைப் பொருத்த வந்தவர், பழைய இன்வர்ட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்லி, மின்னேற்ற அமைப்பை டியூபுலர் நிலையிலேயே விட்டுச் சென்றார். மூன்றாம் நாள் முதல், மின்னேற்றம் முடியும் தறுவாயில் இன்வர்ட்டர் பிழை காட்டி அலறத் தொடங்கியது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 14.8 வோல்ட் காட்டியது. உள்ளே வரிசையாக நான்கு செல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உச்ச வரம்பு 3.65 வோல்ட், ஆக மொத்தம் 14.6. அதைத் தாண்டியதும் பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை தன் கடமையைச் செய்து இணைப்பைத் துண்டித்திருக்கிறது. கடைக்கு மூன்று முறை அழைத்தும் இதைப் புரிந்துகொள்பவர் யாரும் கிடைக்கவில்லை. பேட்டரியில் பழுது என்று கூறி அதையே மாற்றித் தர முன்வந்தார்கள். முடிவில் நானே இன்வர்ட்டரின் கையேட்டைப் படித்து, மின்னேற்ற வரம்பைக் குறைவான நிலைக்கு மாற்றினேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஒலி கேட்கவில்லை. உங்கள் இன்வர்ட்டரில் லித்தியத்துக்கான தேர்வோ, வரம்பைக் குறைக்கும் வசதியோ இல்லையென்றால், இன்வர்ட்டரையும் சேர்த்து மாற்றுவதற்கான செலவைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டாவது அனுபவம் இன்னும் முக்கியமானது. ஐப்பசி மழையில் ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு மின்சாரம் போயிற்று. மின்விசிறிகள், சில விளக்குகள், படுக்கையில் இருக்கும் என் தாயாரின் காற்று மெத்தைக்கான பம்பு என, சுமார் 200 வாட் சுமை ஓடிக்கொண்டிருந்தது. அதிகாலை 2.40-க்கு எல்லாம் ஒரே கணத்தில் நின்றுபோயின. மெத்தை தளர்ந்து அம்மா அழைத்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் என்பது நல்ல கணக்கு. எங்கள் பழைய 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி, புதிதாக இருந்த காலத்தில், ஏறத்தாழ அவ்வளவுதான் தாங்கியது. ஆனால் அது தீரும் முன்பு விசிறி வேகம் குறையும், விளக்கு மங்கும், நெடுநேரம் முன்னதாகவே எச்சரிக்கை ஒலிக்கும். இதுவோ சில நிமிடங்களுக்கு முன்புதான் ஒலித்திருக்கிறது, அதுவும் வீடே உறங்கிய நேரத்தில்.

இதுவும் பழுதன்று, பொருளின் குணம். மின்னிறக்கத்தின்போது துகளுக்குள் லித்தியம் நிறைந்த பகுதி, லித்தியம் நீங்கிய பகுதி என இரண்டு நிலைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று வளர மற்றொன்று தேய்கிறதே தவிர, இரண்டின் தன்மையும் மாறுவதில்லை என்பதால் மின்னழுத்தமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கிறது. தொண்ணூறு விழுக்காட்டிலிருந்து இருபது விழுக்காட்டுக்கு இறங்கும்வரை அரை வோல்ட் கூடக் குறைவதில்லை. அதன்பின் கிணற்றில் விழுந்ததுபோல் சரிகிறது. விசிறி கடைசிவரை ஒரே வேகத்தில் சுற்றுவதும் இதனால்தான், எச்சரிக்கை தாமதமாக வருவதும் இதனால்தான். மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துக் கட்டம் காட்டும் பழைய இன்வர்ட்டரின் விளக்குகள் இங்கே பயன்படா. உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் எண்ணிக் காட்டும் சிறு மீட்டர் ஒன்றை மறுவாரமே வாங்கிப் பொருத்தினேன். முப்பது விழுக்காட்டில் ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். இந்த வசதி உள்ளேயே அமைந்த பேட்டரி கிடைத்தால், கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குங்கள். நோயாளியோ முதியவரோ இருக்கும் வீட்டில் இது தவிர்க்கக்கூடாத தேவை.

விளம்பரங்களில் 2,000 சுழற்சி, 4,000 சுழற்சி என்று போடுகிறார்கள் (ஒருமுறை மின்னேற்றி இறக்குவது ஒரு சுழற்சி). நாள்தோறும் சூரிய மின்சாரத்தைச் சேமித்து எடுப்பவர்களுக்கு அந்த எண் பொருள்படும். வாரத்தில் ஓரிரு மணி நேரம் மின்வெட்டைச் சந்திக்கும் வீட்டில் 2,000 சுழற்சிகள் முடிவதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிடும். அங்கே பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிப்பவை வெப்பமும், எப்போதும் முழு மின்னேற்றத்தில் இருத்தலுமே. ஆகவே சுழற்சி எண்ணிக்கையை விட்டு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அந்தக் கெடு முடியும்போது எத்தனை விழுக்காடு கொள்ளளவுக்கு உறுதி தருகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொட்டைமாடிக்கு அடியிலுள்ள பரணில் வைக்க வேண்டாம். படிக்குக் கீழே நிழலில் இருப்பதால், கத்திரி வெயிலிலும் என் பேட்டரியின் மேல் கை வைத்தால் லேசான வெதுவெதுப்புதான் தெரிந்தது.

விலை, அதே வேலையைச் செய்யும் டியூபுலர் பேட்டரியைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஆனது. மின்வெட்டு அரிதாகவே வரும் ஊரில், கைவசம் நல்ல டியூபுலர் பேட்டரி இருப்பவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. அடிக்கடி மின்சாரம் போகும் பகுதியில் இருப்போருக்கும், கூரையில் சூரியத் தகடு வைத்திருப்போருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சோடியம் அயனி பேட்டரி வரட்டும் என்று காத்திருக்கலாமா என நண்பர் ஒருவர் கேட்டார். லித்தியமே தேவைப்படாத நல்ல ஆய்வு அது. ஆனால் அதன் மின்னழுத்தம் நிறைவுக்கும் காலிக்கும் இடையே மிக அகலமாக ஏறி இறங்குவதால், நம் வீடுகளிலுள்ள இன்வர்ட்டர்கள் அதனுடன் எளிதில் ஒத்துப்போகா. இன்றைய தேவைக்கு இரும்பு பாஸ்பேட்டே போதும்.

ஒரு கவலை மட்டும் தீரவில்லை. பழைய ஈய பேட்டரியைக் கடைக்காரர் எடை போட்டு, விலையில் கழித்துக்கொண்டார். இதைப் பின்னாளில் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதே வைத்திருக்கின்றன. வாங்கும்போதே, ஆயுள் முடிந்த பேட்டரியை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதைக் கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கிய நாளில் கேட்கத் தவறி, சென்ற மாதம்தான் உற்பத்தியாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.