மொடிக்கா சொக்லேட்: பல்லில் கடிபடும் சீனிக்குக் காசு கொடுக்கலாமா?

சுவிஸ் சொக்லேட்டுக்குப் பழகின நாக்கில் மொடிக்கா சொக்லேட்டை வைத்தால் முதலில் கோபம்தான் வரும். மினுக்கம் இல்லை. மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல். உடைத்தால் ஓரமெல்லாம் உதிரும். வாயில் போட்டால் வெண்ணெய் மாதிரி இளகாது, சீனி நறநறவென்று பல்லில் கடிபடும். "அம்மா, இதுக்குள்ள மண்" என்று என் மகள் துப்பியே விட்டாள். எனக்கோ இப்போது வேறு கறுப்புச் சொக்லேட் இறங்குவதில்லை. ஆகவே இந்த விமர்சனத்தில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

மொடிக்கா, இத்தாலியின் சிசிலித் தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஊர். பலெர்மோவில் இருக்கிற எங்களுக்கு பஸ்ஸில் கிட்டத்தட்ட அரை நாள் பயணம். 1693 நிலநடுக்கத்தில் இடிந்துபோய்ப் பிறகு புதிதாகக் கட்டின ஊர் என்பதால் தேவாலயங்கள், படிக்கட்டுகள் எல்லாம் வடிவோ வடிவு. அவற்றைப் பார்க்கக் கூட்டம் வரும். நான் போனது சாப்பிட. கோர்சோ உம்பேர்த்தோ என்ற பெரிய தெருவில் நடந்தால் சொக்லேட் கடைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும். 1880இல் தொடங்கின 'அந்தீக்கா தொல்சேரியா பொனயூத்தோ' அங்கேதான் இருக்கிறது. ருசி பார்க்கத் துண்டு துண்டாக உடைத்து வைத்திருப்பார்கள், பார்த்துவிட்டு வாங்கலாம். கறுவா ஒன்று, வனிலா ஒன்று, மிளகாய் ஒன்று என்று கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்கள்.

செய்வதைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். அரைத்த கொக்கோக் களியை இளஞ்சூட்டில், 40 பாகை மட்டில், இளக வைக்கிறார்கள். அதற்குள் சீனியைக் கொட்டிக் கிளறுகிறார்கள். அந்தச் சூட்டில் சீனி கரையாது, மணி மணியாகவே நிற்கும். பிறகு கறுவாத்தூளோ வனிலாவோ சேர்த்து, தகர அச்சுகளில் அள்ளி வைக்கிறார்கள். அச்சில் விழும்போது அது ஊற்றின மாதிரி இருக்காது, குழைத்த சீமெந்து மாதிரி குவிந்து நிற்கும். அச்சுகளை அடுக்கின தட்டைப் பிடித்து மேசையில் டக டக என்று தட்டத் தட்ட, குவியல் மெல்லப் படிந்து, காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடித்து, மேல்பக்கம் மட்டமாகிறது. இவ்வளவுதான் வேலை. பால் இல்லை, மேலதிகக் கொக்கோ வெண்ணெய் இல்லை.

இந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் கொடுக்கிற காசு செரிக்கும். மெக்சிக்கோவில் கொக்கோ அரைத்த கல்லின் பெயர் மெத்தாத்தே. மூன்று கால் வைத்த, கொஞ்சம் சரிவான அம்மி என்று வையுங்கள், குழவிதான் நீளம். அடியில் தணல் வைத்துக் கல்லைச் சூடாக்கி, வறுத்த கொட்டையை அரைப்பார்கள். ஸ்பெயின்காரர் 16ஆம் நூற்றாண்டில் அங்கே போய்ப் பிடித்ததில் கொக்கோவும் ஒன்று. 1585இல் வெராகுரூசிலிருந்து செவில்லுக்கு அது வியாபாரச் சரக்காகவே கப்பலேறிவிட்டது. சிசிலி அப்போது ஸ்பெயின் அரசரின் கீழ். மொடிக்காப் பிரபுக்களின் குடும்பமே ஸ்பெயினின் காஸ்தீல் பக்கத்துப் பெரிய குடும்பம். சரக்கும் வந்தது, அரைக்கிற முறையும் வந்தது என்பது ஊர்க்கதை. எரிமலைக் கல்லில் செய்த அந்த அம்மியை இன்றைக்கும் கடைகளில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் வடக்கே எல்லாம் மாறியது. 1828இல் ஒல்லாந்தில் வான் ஹூட்டன், கொக்கோவை நசுக்கி வெண்ணெயைப் பிரிக்கிற இயந்திரத்துக்கு உரிமம் எடுத்தார். 1847இல் பிரிஸ்டலில் ஃப்ரை கம்பனி, அந்த வெண்ணெயைத் திரும்பச் சேர்த்து அச்சில் வார்த்த கட்டியை விற்றது. 1875 மட்டில் சுவிசில் டானியல் பீட்டர் பாலைச் சேர்த்தார், 1879இல் பேர்னில் லிண்ட் மணிக்கணக்காகப் பிசைகிற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். இலங்கைக் கண்டோஸ் சொக்லேட் தின்று வளர்ந்த எங்களுக்கு சொக்லேட் என்றால் தெரிந்ததெல்லாம் இந்த வழுவழுப்புத்தான். ஆனால் அதுவரை, இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகளாக, சொக்லேட் என்றால் பெரும்பாலும் குடிக்கிற சாமான். மொடிக்காவில் அந்த இயந்திரங்களை உள்ளே எடுக்கவில்லை. வசதி இல்லாமலா, வீம்பாலா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்றுதான் சொல்வேன்.

கடைக்காரரோடு எனக்குச் சண்டை ஒன்று இருக்கிறது. பல பெட்டிகளில் "அஸ்தெக்குகளின் சொக்லேட்" என்று இறகுத் தொப்பிக்காரன் படத்தோடு அச்சடித்திருக்கிறார்கள். ஸ்பெயின்காரர் வருமுன் மெக்சிக்கோவை ஆண்ட அஸ்தெக்குகள் சீனியைக் கண்டதே இல்லை, கரும்பை அங்கே கொண்டுபோனவர்கள் ஐரோப்பியர். அஸ்தெக்குகளின் மேட்டுநிலத் தலைநகரில் கொக்கோ மரம்கூட வளராது. சூடான தாழ்நிலங்களிலிருந்து கொட்டையைத் திறையாக வாங்கினார்கள், காசாகவும் புழங்கினார்கள். அவர்களுக்கு முன்னே மாயர், அதற்கும் முன்னே ஈக்குவடோரில் 5,000 ஆண்டுகளுக்கு முந்தின பாத்திரங்களிலேயே கொக்கோவின் தடயம் கிடைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய கதையை ஒரு இறகுத் தொப்பிக்குள் அடக்குவது அநியாயம்.

கறுவாவின் கதையையாவது பெட்டியில் போட்டிருக்கலாம். வனிலாவும் மிளகாயும் கொக்கோ பிறந்த பக்கத்துச் சரக்கு, அது சரி. கறுவா எங்கட பக்கத்தது. சொக்லேட் ஸ்பெயினில் வேர்விட்ட காலத்தில் இலங்கையின் தென்மேற்குக் கரைக் கறுவா போர்த்துக்கேயர் கையில் இருந்தது. 1580இலிருந்து 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசர். மெக்சிக்கோக் கொட்டையும் இலங்கைப் பட்டையும் ஒரே கோப்பையில் கூடினதற்கு அந்தக் கடல் வியாபாரம் காரணம். எனவே நான் முதலில் சிபாரிசு செய்வது கறுவாச் சொக்லேட்டைத்தான். இதில் சொந்தப் பாசம் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் ருசியும் அதுதான் மேல். சீனி கடிபடும்போது ஒவ்வொரு கடிக்கும் கறுவா புதிதாக எழும்பும். வழுவழுச் சொக்லேட்டில் இது நடக்காது. மிளகாய் போட்டது நாங்கள் எதிர்பார்க்கிற உறைப்பு இல்லை, தொண்டையில் ஒரு சின்னச் சூடு, அவ்வளவுதான். தோடம்பழம் பரவாயில்லை. கடலுப்புப் போட்டதை நான் இனி வாங்க மாட்டேன்.

விலை கடைக்குக் கடை மாறும். பேரங்காடியில் கிடைக்கிற சாதாரணக் கட்டியைவிட நிச்சயமாகக் கூட. வாங்கும்போது நீலமும் மஞ்சளுமான ஐ.ஜி.பி. முத்திரையை, அதாவது அந்த ஊர்ச் சரக்குத்தான் என்று ஐரோப்பிய ஒன்றியம் காக்கிற முத்திரையை, தேடுங்கள். 2018இல் மொடிக்காவுக்கு அது கிடைத்தது, ஐரோப்பாவில் அந்தப் பாதுகாப்புப் பெற்ற முதல் சொக்லேட் இதுதான். பலெர்மோவில் சுற்றுலாக்காரருக்கு விற்கிற ஒரு கடையில் "மொடிக்கா பாணி" என்று எழுதின கட்டி ஒன்றை வாங்கினேன். பின்பக்கம் பார்த்தால் லெசித்தின் என்ற குழம்பாக்கி, கொக்கோ வெண்ணெய், என்னென்னவோ. ருசி சாதாரணக் கட்டிதான், சீனியை மட்டும் வேண்டுமென்று பருமனாகப் போட்டிருந்தார்கள். உண்மையான கட்டியின் லேபலில் இரண்டு மூன்று பெயருக்கு மேல் இருக்காது. மேலே வெள்ளை படிந்திருந்தால் பூஞ்சணம் என்று எறிந்துவிடாதீர்கள், கொக்கோக் கொழுப்பு மேலே வந்து படிவதுதான் அது. ஒரு குறை: கொட்டை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பல பெட்டிகளில் இல்லை. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டும் கானாவும் விளைவிக்கிற காலத்தில், அந்த விவசாயிக்கு ஒரு வரி ஒதுக்கினால் பெட்டி கிழிந்துவிடாது.

கடித்துத் தின்னப் பிடிக்காவிட்டால் குடியுங்கள். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, சொல்லித் தந்த முறை இது. பால் வேண்டாம், தண்ணீர்தான். ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கட்டியில் மூன்றிலொரு பங்கை உடைத்துப் போட்டு, கம்பிக் கரண்டியால் நுரை வரும்வரை அடிக்க வேண்டும். சீனி அப்போதுதான் கரையும். மண் என்று துப்பின என் மகள் இதை இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அதே கடைகளில் பிறை வடிவத்தில், மேலே சீனித்தூள் தூவின பிஸ்கட் ஒன்று இருக்கும், பெயர் ம்பனதிக்கி. உள்ளே சொக்லேட், பாதாம், கறுவா, கராம்பு. கூடவே அரைத்த மாட்டிறைச்சி. இறைச்சி வாசமே வராது, ஆகவே விரத நாளில் போகிறவர்களும் மாடு சாப்பிடாதவர்களும் வாயில் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.