மெட்ரோவில் இறங்கி மால் வாசலுக்குப் போய்ச் சேரும் வரை

சிங்கப்பூருக்குப் போய் 12 வருஷம் ஆகிறது. இந்தத் தடவை சென்னையில் இருந்த 3 வாரமும் கார் வேண்டாம், மெட்ரோவும் பஸ்ஸும் போதும் என்று வந்தேன். காரணம் அம்மா. 68 வயது, முழங்கால் தேய்மானம், நான் இல்லாத நாட்களில் அவர் தனியாக எங்கெங்கே போய்வர முடியும் என்று நடந்து பார்த்தால்தானே தெரியும்.

ரயிலைப் பற்றி ஒரு குறையும் இல்லை. லிஃப்ட் வேலை செய்கிறது, பெட்டி சுத்தம், அம்மாவைப் பார்த்ததும் எழுந்து இடம் தருகிறார்கள். வடபழனியில் இறங்கினால் பழைய விஜயா வாகினி ஸ்டூடியோ இடத்தில் எழுந்த மால், திருமங்கலத்தில் இறங்கினால் வி.ஆர். மால், எல்.ஐ.சி.யில் இறங்கினால் ஸ்பென்சர். மேப்பில் பார்த்தால் எல்லாமே கூப்பிடு தூரம்.

அந்தக் கூப்பிடு தூரத்தில்தான் சிக்கல். ஒரு மாலுக்கு, பெயர் வேண்டாம், ஸ்டேஷனிலிருந்து நடந்தோம். நடைபாதை பாதி வழியில் ஒரு கரன்ட் பெட்டியில் முட்டி நின்றுவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார், உரசுகிற மாதிரி ஒரு தண்ணி லாரி போனது. ஒரு வழியாக வாசலுக்கு வந்தால் எதிரே கார் இறங்கும் சரிவுதான் இருக்கிறது. "நடந்து வர்றவங்க அந்தப் பக்கமா சுத்தி வரணும்மா" என்றார் செக்யூரிட்டி தம்பி. அவரைச் சொல்லி என்ன, வாசலே அப்படி. சுற்றிப் போனால் படிக்கட்டு, பிடித்து ஏறக் கைப்பிடி கிடையாது.

வடபழனி மாலும் வேளச்சேரி ஃபீனிக்ஸும் திறந்தது 2013-இல், மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2015-இல். அதனால் அந்தக் காலத்து மால்கள் ரோட்டையும் காரையும் நம்பி வந்ததில் தப்பில்லைதான். ஆனால் வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007-லேயே வந்துவிட்டது, இன்றைக்கும் அந்த ஸ்டேஷனில் இறங்கி ஃபீனிக்ஸுக்குப் போக ஆட்டோதான் தேட வேண்டியிருக்கிறது. ரயில் ஒரு பக்கம், மால் ஒரு பக்கம், நடுவில் இருக்கும் ரோட்டை யாருமே தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சிங்கப்பூரில் செராங்கூன் ஸ்டேஷனிலிருந்து மேலே வந்தால் நேராக நெக்ஸ் மால், பஸ் நிலையமும் அதே கட்டடத்தில். அந்த அளவுக்குக் கூட நான் கேட்கவில்லை. 500 மீட்டருக்கு உடையாத நடைபாதை, நடந்து வருபவர்களுக்கு முன்பக்கமே ஒரு வாசல், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

சென்னையில் 118.9 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் ரோடு வழியாக சிறுசேரி வரைக்கும் ஒரு பாதை போகிறது. அந்த ரோட்டில் ஏகாட்டூர் மால் வரை இப்போதைக்கு பஸ் இல்லாவிட்டால் கார்தான். ஸ்டேஷன் படிகளை எங்கே இறக்குவது என்று முடிவு செய்யும்போதே பக்கத்துக் கட்டடக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசிவிட்டால் நல்லது, கட்டி முடித்த அப்புறம் இடித்துச் சேர்ப்பது லேசில் நடக்காது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் மெட்ரோ டிக்கெட் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டார். "ரயில்ல போறதுக்குப் பயமில்லப்பா, இறங்கி நடக்கத்தான்" என்றார்.