றெமினா, ஃப்ரீஆர்டிபி, ரஸ்ட்டெஸ்க்: லினக்ஸிலிருந்து தூரத்துக் கணினிக்குப் போக எது சரிவரும்?

கிளிநொச்சியில் வீட்டில் இருந்தபடி கொழும்பு அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் கணக்கு எழுதுபவர்கள், புதுக்குடியிருப்பில் இருக்கும் அம்மாவின் கணினியைக் கனடாவிலிருந்து திருத்திக் கொடுக்கும் பிள்ளைகள், அறிவியல்நகரில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் என்று றிமோட் டெஸ்க்டொப் இப்போது வன்னியில் பலருக்கு அன்றாடத் தேவை. இவர்களில் பலர் கையில் இருப்பது பழைய லெப்டொப். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததும் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு ஏற்றிக்கொண்டவர்கள். நல்ல முடிவுதான். ஆனால் "கனெக்ட் ஆகுதில்லை" என்ற முறைப்பாடு வந்த உடனேயே ஒருவர் றெமினா என்ற இணைப்புச் செயலியை அழித்துவிட்டு அதேபோன்ற கேஆர்டிசியைப் போடச் சொல்கிறார், அடுத்தவர் எனிடெஸ்க் போடச் சொல்கிறார். கோளாறு எங்கே என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

எந்தக் கிளையண்ட் (இப்படித் தூரத்துக் கணினியோடு இணைக்கும் செயலி) நல்லது என்ற கேள்விக்கு என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க வேலை செய்ய றெமினா. கோளாறு கண்டுபிடிக்க டெர்மினலில் ஃப்ரீஆர்டிபி. இன்னொருவருக்குத் திரையைப் பார்த்து உதவ ரஸ்ட்டெஸ்க். மூன்றும் மூன்று வேலைக்கானவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடும்போதுதான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

பெயர் பல, எஞ்சின் ஒன்று

தூரத்து இணைப்புக்கு விண்டோஸ் பேசும் ஆர்டிபி நெறிமுறைக்கு லினக்ஸில் முதலில் பரவலாக இருந்தது ஆர்டெஸ்க்டொப். அதிலிருந்து 2009இல் கிளை பிரிந்து வளர்ந்ததுதான் ஃப்ரீஆர்டிபி. இன்று றெமினா, கேடிஈ டெஸ்க்டொப் தரும் கேஆர்டிசி, க்னோம் டெஸ்க்டொப் தரும் கனெக்ஷன்ஸ் மூன்றுக்கும் ஆர்டிபி வேலையை அடியில் செய்வது இதே ஃப்ரீஆர்டிபி. எனவே றெமினாவில் வராத இணைப்பு கேஆர்டிசியில் வரும் என்று மாற்றிப் பார்ப்பது, உவர்க் கிணற்றில் வாளியை மட்டும் மாற்றி மாற்றி அள்ளுவது போன்றது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஃப்ரீஆர்டிபி 3.0 வெளிவந்தது 2023 டிசம்பரில். பழைய விநியோகங்களில் இன்னும் 2ஆம் வரிசைதான் இருக்கும். ஃப்ளட்பக் (எந்த லினக்ஸிலும் போடக்கூடிய பொதுவான நிறுவல் வடிவம்) வழியாக வரும் றெமினா புதிய ஃப்ரீஆர்டிபியைத் தன்னோடு கொண்டுவருகிறது. பழைய உபுண்டுவில் றெமினா தகராறு செய்தால் ஃப்ளட்பக் பதிப்பைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே எஞ்சினே மாறுகிறது. அதற்கு ஈடாக, ஃப்ளட்பக், அதைப் போன்ற ஸ்னப் இரண்டிலும் கோப்புறை பகிர்வது, பிரிண்டர் பகிர்வது போன்றவற்றுக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டிவரலாம். பகிர்ந்த கோப்புறை அந்தப் பக்கம் வெறுமையாகத் தெரிந்தால் முதலில் இந்த அனுமதியைப் பாருங்கள்.

டெர்மினலில் கேட்டால் காரணம் சொல்லும்

றெமினாவின் ஜன்னல் அழகாக இருக்கும், பிழை வந்தால் மட்டும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும். அதே முகவரியையும் பயனர் பெயரையும் டெர்மினலில் எக்ஸ்ஃப்ரீஆர்டிபி கட்டளைக்குக் கொடுத்தால் விடயம் வெளியே வரும். உபுண்டு, டெபியனில் 3ஆம் வரிசை போட்டவர்களுக்குக் கட்டளையின் கடைசியில் 3 என்ற எண்ணும் சேரும். வரி வரியாக ஓடும் எழுத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கடைசியில் வரும் பிழைப் பெயர் ஒன்றே போதும்.

"டிஎன்எஸ் நேம் நொட் ஃபவுண்ட்" என்றால் கணினியின் பெயரே கண்டுபிடிக்கப்படவில்லை. விபிஎன் (அலுவலக வலைக்குள் போகும் பாதுகாப்பான தனி வழி) ஏறவில்லை, அல்லது பெயரில் எழுத்துப்பிழை. "டிரான்ஸ்போர்ட் ஃபெய்ல்ட்" என்றால் பெரும்பாலும் ஆர்டிபி வாசலான 3389ஆம் போர்ட்டுக்குப் போய்ச் சேரவே முடியவில்லை: அந்தக் கணினி தூங்கிவிட்டது, ஃபயர்வோல் மறிக்கிறது, அல்லது அங்கே றிமோட் டெஸ்க்டொப் திறந்து விடப்படவில்லை. அந்தப் பக்கம் இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் இங்கே எவ்வளவு மினக்கெட்டாலும் பலனில்லை, ஹோம் பதிப்பு ஆர்டிபி இணைப்பை ஏற்காது. "டிஎல்எஸ் கனெக்ட் ஃபெய்ல்ட்" பழைய விண்டோஸ் சேர்வர்களில் வரும். அங்குள்ள பழைய குறியாக்கத்தை இங்குள்ள புதிய குறியாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் ஏற்க மறுக்கிறது. டிஎல்எஸ் பாதுகாப்பு மட்டத்தை 0க்கு இறக்கினால் இணைப்பு வரும். ஆனால் அதை விபிஎனுக்குள் மட்டும் செய்யுங்கள், சேர்வரைப் புதுப்பிக்கும்படி அலுவலகத்துக்கும் சொல்லுங்கள்.

ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது "லொகன் ஃபெய்லியர்". கடவுச்சொல் சரி என்று சத்தியம் செய்வார்கள். விசாரித்தால் அவர்கள் அடிப்பது விண்டோஸைத் திறக்கும் பின் இலக்கமாக இருக்கும். அந்தப் பின் அந்தக் கணினியோடு நின்றுவிடும், ஆர்டிபிக்குக் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழையும் கணினி என்றால் பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத உள்ளூர்க் கணக்கை விண்டோஸ் வழமையாகத் தூரத்திலிருந்து உள்ளே விடாது. இந்த மூன்றையும் பார்த்த பிறகும் வரவில்லை என்றால்தான் பாதுகாப்பு வகையை என்எல்ஏ (திரை திறக்கும் முன்னரே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை) என்று கையால் பொருத்திப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நேற்று வரை வேலை செய்த இணைப்பு இன்று சான்றிதழ் மாறிவிட்டது என்று எச்சரித்தால், யோசிக்காமல் "சரி" கொடுக்காதீர்கள். அலுவலகத்தில் விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்களா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேளுங்கள். ஆம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். இல்லை என்றால் அன்று உள்ளே போகாதீர்கள்.

கிளையண்டில் இல்லாத கோளாறு: நம் லைன்

ஏ9 வீதியோரம் 4ஜி பரவாயில்லை. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் உள்ளே போகப்போக சிக்னல் ஏறி இறங்கும். மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். இப்படிப்பட்ட லைனில் ஆர்டிபிக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது: இங்கே தொடர்பு அறுந்தாலும் அங்கே திறந்து வைத்த கோப்புகள் திறந்தபடியே இருக்கும். கரண்ட் வந்து மறுபடி நுழைந்தால் எக்செல் தாளில் விட்ட கட்டத்திலேயே நிற்கலாம். றெமினாவின் "டிஸ்கனெக்ட்" வேறு, விண்டோஸுக்குள் போய் "சைன் அவுட்" செய்வது வேறு. பின்னையது எல்லாவற்றையும் மூடிவிடும்.

மொபைல் ரவுட்டரில் இன்னொரு தடை உண்டு. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் பலரோடு ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள். வெளியே போய் இணைவதில் சிக்கலில்லை. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கணினிக்கு வரத்தான் வழியில்லை. போர்ட் திறப்பது இங்கே பலிக்காது. பலித்தாலும் 3389ஐ நேரே இணையத்துக்குத் திறந்து விடவே கூடாது. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் ஆர்டிபி வழியாக உள்ளே புக இடம் கொடுத்தது. கைவிட்டிருந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டது அதனால்தான். வயர்கார்ட் அல்லது டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் ஒன்றைப் போட்டு அதற்குள் ஆர்டிபியை ஓட்டுங்கள்.

விபிஎன் போட்டதும் வரும் வினோதமான கோளாறு ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர், கடவுச்சொல் எல்லாம் ஏற்கப்படும், ஜன்னல் திறக்கும், பிறகு கறுப்புத் திரை அப்படியே நிற்கும். எல்லோரும் கிளையண்டைத்தான் திட்டுவார்கள். பல தடவை காரணம் பொதியின் (வலையில் போகும் தரவுத் துண்டின்) அளவு. உள்நுழையும்போது போகும் பொதிகள் சிறியவை, தப்பிவிடும். திரையின் படம் வரத் தொடங்கியதும் பெரிய பொதிகள் வழியில் விழுந்துவிடும். சோதிப்பது இலகு. பிங் கட்டளையில் துண்டாக்க வேண்டாம் என்ற தெரிவோடு 1372 பைட் அளவில் விபிஎன் நுழைவாயிலுக்கு அனுப்புங்கள். தலைப்பின் 28 பைட் சேர்ந்து அது 1400 ஆகும். சிறிய பிங் போய் இது மட்டும் போகாவிட்டால் அளவுதான் பிரச்சினை. வயர்கார்ட் வழமையாகப் பொதியின் உச்ச அளவை 1420 என்று வைத்திருக்கும், அதை 1280க்கு இறக்கிப் பாருங்கள். டெய்ல்ஸ்கேல் தொடக்கத்திலேயே 1280 என்று வைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை அதில் குறைவு. நெற்வேர்க் தெரியாதவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்வதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வேகத்துக்கு றெமினாவில் இரண்டு இடத்தைத் தொட்டால் போதும். தர அளவை "புவர்" ஆக்குங்கள்: பின்னணிப் படம், அசைவு வித்தைகள் எல்லாம் போய்விடும், கணக்கு எழுதுபவருக்கு அவை தேவையுமில்லை. அடுத்தது நிற ஆழம். லைன் மெல்லியது ஆனால் லெப்டொப் புதியது என்றால் ஏவிசி420 (திரையை வீடியோவாகச் சுருக்கி அனுப்பும் தெரிவு) நன்றாக இருக்கும். லெப்டொப்பே பழையது என்றால் அந்த வீடியோவை விரிப்பதற்கே அதன் மூச்சு முட்டும், மின்விசிறி இரையத் தொடங்கும். அதற்கு 16 பிட் நிறமே மேல்.

உதவி செய்வது வேறு வேலை

ஆர்டிபியில் நீங்கள் உள்ளே போனதும் வழமையான விண்டோஸ் கணினியின் முன்னால் இருப்பவருக்குப் பூட்டிய திரைதான் தெரியும். உங்கள் சொந்த அலுவலகக் கணினிக்கு அது நல்லது. அம்மாவுக்கு எந்தப் பொத்தானை அமத்துவது என்று காட்ட அது உதவாது. அங்கே இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டும். எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் இரண்டும் அதைச் செய்கின்றன. இடையில் ஒரு சேர்வர் நின்று இணைத்து விடுவதால் பொது முகவரிச் சிக்கலும் இல்லை.

இரண்டில் நான் ரஸ்ட்டெஸ்க் பக்கம். மூலநிரல் திறந்தது, இடைச் சேர்வரையும் நாமே வைத்துக்கொள்ளலாம். சிறு நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ வாடகைச் சேர்வர் ஒன்றில் 21115 முதல் 21117 வரையான டிசிபி போர்ட்டுகளையும் 21116 யூடிபியையும் திறந்து விட்டால் தன் ஆட்களுக்குத் தானே வழி அமைத்துவிடலாம். எனிடெஸ்க் பழகியவர்களுக்கு வேகமும் வசதியும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் இலவசப் பாவனை தனிப்பட்ட தேவைக்கு மட்டும், அலுவலக வேலைக்குக் காசு கட்ட வேண்டும். 2024 பெப்ரவரியில் தன் சேர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அந்த நிறுவனமே அறிவித்ததையும் மனதில் வைக்க வேண்டும்.

எதைப் போட்டாலும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது அழைத்து இந்தச் செயலி திரையில் காட்டும் இணைப்பு இலக்கத்தைக் கேட்டால் கொடுக்கவே கூடாது. கேட்பவர் தன் பிள்ளை என்று குரலில் உறுதியானால் மட்டும்தான். அம்மாமார் சேர்த்து வைத்த காசு இந்த இலக்கத்தோடு போய்விடக்கூடும்.

அம்மாவின் கணினியும் லினக்ஸ் என்றால் வேலண்ட் (திரையைக் காட்டும் புதிய அடித்தளம்) குறுக்கே நிற்கும். திரையைப் பகிரவா என்று அந்தப் பக்கம் ஒரு பெட்டி எழும்பும், அங்கே யாரும் அமத்தாவிட்டால் இங்கே ஒன்றும் தெரியாது. லினக்ஸ் மின்டின் சினமன் வழமையாகப் பழைய எக்ஸ்11 அடித்தளத்தில் ஓடுவதால் இந்தத் தேவைக்கு அதைப் போடுவது புத்தி. றெமினாவில் ஆல்ட்-டாப் அமத்தினால் உள்ளூர் ஜன்னல் மாறுவது இன்னொரு முறைப்பாடு. விசைகள் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் பொத்தான் கருவிப்பட்டையில் இருக்கிறது, வலது கன்ட்ரோல் அதோடு சேர்ந்து இயங்கும்.

திரையைப் பகிரும் பழைய முறையான விஎன்சி பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாடசாலை ஆய்வுகூடம் போல ஒரே வலையில் உள்ள லினக்ஸ் கணினிகளுக்கு நல்லது. வெளியே போனால் எஸ்எஸ்எச் என்ற குறியாக்கிய சுரங்கத்துக்குள் மட்டும். அதன் பழைய முறைக் கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்து மட்டுமே கணக்கு.

தமிழில் அடிக்கும்போது

லினக்ஸின் ஐபஸ் தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுவிட்டு றெமினாவுக்குள் அடித்தால் ஆங்கில எழுத்தே விழுகிறது என்பது அடிக்கடி வரும் முறைப்பாடு. ஆர்டிபி வழமையாக எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை அமத்தப்பட்டது என்பதைத்தான் அனுப்புகிறது. ஆகவே இங்கே ஆங்கிலத்தில் விட்டு, விண்டோஸ் பக்கம் தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். அங்கே சேர்க்க உரிமை இல்லாவிட்டால் லினக்ஸ் எடிட்டரில் அடித்து ஒட்டுங்கள், கிளிப்போர்ட் யூனிகோட் தமிழைச் சிதையாமல் கொண்டுபோகும்.

பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய கடிதங்களோடு வேலை செய்பவர்களுக்கு றிமோட் டெஸ்க்டொப் உண்மையில் பெரிய ஆறுதல். அந்தக் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்து திறந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் புள்ளியும் குறியும் கலந்த ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அங்கேயே திறந்தால் விண்டோஸ் வரைந்த படமாக வருகிறது, ஒரு குற்றும் பிசகாது. பாமினியில் அடிப்பதும் அதுபோலவே: ஆங்கில விசைகள் அப்படியே போய் அந்தப் பக்கத்து எழுத்துருவால் தமிழாகும். அதிலிருந்து வெட்டி இங்கே ஒட்டினால் மட்டும் மறுபடி ஆங்கிலக் குவியலாகும். ஒட்டுவதற்கு முன் யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள்.