பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கும் பொம்மைகள்: போக்கிமான் ரம்பிள் பிளாஸ்ட்

இந்த கேமை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. 2012-ல் அண்ணன் கல்யாணத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பெரியப்பா, கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் சாக்லேட், சென்ட் என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் என் கையில் நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற ஒரு நீல நிறக் கையடக்க கேம் மெஷினையும் அதில் செருகியிருந்த இந்த கேமின் கார்ட்ரிட்ஜையும் வைத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று ராத்திரியே சார்ஜரைக் கருக்கினேன். அது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த அமெரிக்க அடாப்டர், நம் வீட்டு பிளக்கில் வருவது 230. அடாப்டர் முதுகில் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது, பார்க்காதது என் தப்பு. "ஏம்ப்பா, கல்யாண வீட்ல என்னத்தைப் போட்டுக் கருக்குற?" என்று அப்பத்தா ஓடிவந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மெஷின் தப்பித்தது. காரைக்குடியில் ஒரு செல்போன் கடையில் சொல்லிவைத்து யூஎஸ்பி கேபிள் வர மூன்று வாரம் ஆனது, அதுவரை அட்டைப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சரி, கேமுக்கு வருவோம். 2011-ல் வந்தது, செய்தவர்கள் ஆம்ப்ரெல்லா. ஐரோப்பாவில் இதே கேமுக்கு சூப்பர் போக்கிமான் ரம்பிள் என்று பெயர். போக்கிமான் என்ற கற்பனைப் பிராணிகளின் கேம் என்றதும் நீ ஒரு அடி, நான் ஒரு அடி என்று காத்திருந்து போடும் சண்டையை நினைக்காதீர்கள். இங்கே எல்லாப் போக்கிமானும் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை. காயம் ஆற்றும் ஒளித்துளிகளை யாரோ திருடுகிறார்கள் என்று ஒரு கதை உண்டு, அதை மறந்துவிடலாம், நான் மறந்துவிட்டேன். பிகாச்சு என்ற போக்கிமானின் பொம்மையை எடுத்துக்கொண்டு கிளம்பி, எதிரே கும்பலாக வரும் பொம்மைகளை பட்டனைத் தட்டித் தட்டி விழுத்துவதுதான் வேலை. ஒரு பொம்மைக்கு அதிகபட்சம் இரண்டு அடிமுறைகள்தான். தண்ணீர் வகை நெருப்பு வகையைச் சாய்க்கும் என்ற பழைய கணக்கெல்லாம் இங்கேயும் செல்லும். அடிபட்டு விழும் பொம்மைகளில் சில மட்டும் மறையாமல் அப்படியே கிடக்கும், ஓடிப்போய்த் தொட்டால் நம்முடையது. நாணயங்களும் சிதறும், அதைச் சேர்த்துப் புது அடிமுறை வாங்கலாம். ஊருக்கு ஊர் எல்லோரும் எல்லோரையும் அடிக்கும் ஒரு பெரிய போட்டி இருக்கிறது, கேமின் உயிரே அதுதான். திரை முழுக்க பொம்மைகள் முட்டிக்கொள்ளும், எது நம்முடையது என்றே சில நேரம் தெரியாது.

இத்தனை வருஷத்தில் எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது ஒரு விஷயம். இங்கே பொம்மை வளராது. ஒவ்வொன்றுக்கும் பலம் என்று ஓர் எண், கிடைத்தபோது என்னவோ கடைசிவரை அதுதான். அடுத்த காட்டில் அதே இனத்தில் கூடுதல் எண்ணோடு ஒன்று கிடைக்கும், உடனே பழையதை விட்டுவிட வேண்டியதுதான். மற்ற போக்கிமான் கேம்களில் முதலில் கிடைத்ததைக் கடைசிவரை வளர்த்து அதன்மேல் ஒரு பாசம் வைத்துவிடுவோம் இல்லையா, அதற்கு இங்கே இடமே இல்லை. 600-க்கு மேல் இனங்கள் இருக்கின்றன, நான் நானூற்றுச் சொச்சம் பிடித்திருக்கிறேன், அதில் ஒன்றைக்கூட 'என்னுடையது' என்று சொல்ல வரவில்லை.

நான் இதை விளையாடிய வீட்டையும் யோசித்துப் பாருங்கள். வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறை நிறைய அப்பத்தா சீராகக் கொண்டுவந்த தூக்கு, குடம், அண்டா, அதிலும் ஒவ்வொன்றிலும் டஜன் கணக்கில், ஒவ்வொன்றிலும் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். கைப்பிடி போன தூக்கைக்கூடத் தூக்கிப்போட மாட்டார்கள். வாசலில் பழைய சாமான் கேட்டு யாராவது வந்தால் அப்பத்தாவின் முகமே மாறிவிடும். அந்த அறை வாசலில், வெயில் காலத்தில் ஆத்தங்குடிக் கல் தரையின் குளிர்ச்சியில் குப்புறப் படுத்துக்கொண்டு, நான் நிமிஷத்துக்கு ஒரு பொம்மையைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் ஏன் இத்தனை வருஷம் என்றால், ஒரு களம் முடிய சில நிமிஷம்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒன்று, கரன்ட் போனால் இரண்டு. அடுத்து விழுவது என்ன எண்ணோடு விழும் என்ற அரிப்பு விடாது. ஆனால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஆடினால் சலித்துவிடும், எல்லாக் களமும் கடைசியில் ஒரே களம்தான். திரையின் முப்பரிமாணக் காட்சியை முதல் வாரத்தோடு அணைத்துவிட்டேன், சார்ஜ் மிச்சம். வழியில் எதிர்ப்படும் இன்னொரு 3டிஎஸ்ஸோடு மெஷின் தானாகப் பேசிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டு, பள்ளத்தூர் சந்தை, பிள்ளையார்பட்டிக் கூட்டம் என்று பையிலேயே போட்டுத் திரிந்து பார்த்தேன். ஒருத்தர்கூட எதிர்ப்படவில்லை!

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு: அமெரிக்க கார்ட்ரிட்ஜ் அமெரிக்க மெஷினில்தான் ஓடும், ஐரோப்பியது ஐரோப்பிய மெஷினில்தான், இரண்டையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் மூடியாகிவிட்டது, கார்ட்ரிட்ஜுக்கு அதனால் ஒன்றுமில்லை. அப்புறம் அடாப்டரின் முதுகைப் படியுங்கள்.

போன பொங்கலுக்கு அண்ணன் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான், அதே கல்யாணத்து அண்ணன்தான். என் நானூற்றுச் சொச்சத்தையும் தள்ளித் தள்ளி, அடியில் கிடந்த அந்த முதல் பிகாச்சுவைத் தேடி எடுத்தான். கடைசிக் களத்தில் ஒரே அடியில் அது விழுந்தது, மறுபடி அதையே எடுத்தான். பலமானதைக் காட்டினேன். "வேணாம் சித்தப்பா, இது பாவம், யாருமே எடுக்கல" என்றான். மூன்று நாளில் ஒரு களம்கூட அவனால் தாண்ட முடியவில்லை. கார் கிளம்பும்போது மெஷினைத் திருப்பிக் கொடுத்தான், சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்திருந்தது.