140 பவுண்டு கொடுத்து வாங்கிய கழுவாத கம்பளி: ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் வீட்டிலேயே செம்மறிக் கம்பளியைக் கழுவி ராட்டையில் நூற்கும் தமிழர்கள் சிலராவது இதைப் படிப்பார்கள் என்பதால், ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தை ஒன்றில், பண்ணையிலிருந்து நேரடியாக விற்பதாகச் சொன்ன ஒரு பெண்மணியிடம், வென்ஸ்லிடேல் என்னும் செம்மறி இனத்தைச் சேர்ந்த இரண்டு ஆடுகளின் கழுவாத கம்பளியை 140 பவுண்டுக்கு வாங்கினேன். இரண்டும் குட்டிப் பருவத்திலிருந்து வளர்ந்து முதன்முறையாகக் கத்தரிக்கப்பட்டவை என்றும், ஓரத்து அழுக்குப் பகுதிகள் நீக்கப்பட்டவை என்றும் விளம்பரத்தில் இருந்தது. நீண்டு சுருண்டு பட்டுப்போல் மின்னும் அந்த முதல் கம்பளிக்காகத்தான் இவ்வளவு விலை.

பணம் அனுப்பும் முன் கேள்வி கேட்டேன். உடனே பதில் வந்தது. வீட்டில் எப்படிக் கழுவப் போகிறீர்கள் என்று அக்கறையோடு விசாரித்து, முறையையும் விரிவாக எழுதியிருந்தார். லனோலின் என்னும் கம்பளிக் கொழுப்பு ஏறத்தாழ 40 டிகிரியில் உருகிவிடும் என்றாலும் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையக்கூடாது, ஆறவிட்டால் உருகிய கொழுப்பு மீண்டும் இழையிலேயே படிந்துவிடும், குழாய்த் தண்ணீரை நேராகக் கம்பளியின்மேல் விழவிடக்கூடாது, கிளறினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும் என்றெல்லாம் எழுதியிருந்தார். அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. கம்பளியை இவ்வளவு அறிந்தவர் கம்பளியில் ஏமாற்ற மாட்டார் என்று நம்பியே 140 பவுண்டையும் செலுத்தினேன்.

வந்த பையைப் பிரித்ததும் ஈரவாடை அடித்தது. நீக்கிவிட்டதாகச் சொன்ன வயிற்றுப் பகுதிக் கம்பளி, காய்ந்த புழுக்கையோடு அப்படியே இருந்தது. முதுகுப் பகுதியில் ஆட்டுக்கு அடையாளமிடும் நீலச் சாயம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. இருந்தாலும் ஒரு பிடியை வலைப்பையில் இட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில், அவர் எழுதியபடியே அசைக்காமல் ஊறவைத்தேன். அழுக்கு நீங்கி நுனிகள் பிரிந்தபோதுதான் உண்மை தெரிந்தது. முன்பு ஒருமுறையும் கத்தரிக்கப்படாத ஆட்டின் கற்றை நுனியில் கூர்ந்து சுருண்டிருக்கும். என் கையில் இருந்த கற்றைகளோ ஒரே நேராக மழுங்கியிருந்தன. உலர்ந்த ஒரு கற்றையை இரு முனைகளிலும் பிடித்துக் காதருகே சுண்டி இழுத்தேன். நடுவில் சடக்கென்று அறுந்தது. ஆடு நோயிலோ தீவனக் குறைவிலோ வாடிய காலத்தில் வளர்ந்த இழை அந்த இடத்தில் மெலிந்துவிடும் என்பதால், அத்தகைய கம்பளியை எவ்வளவு பக்குவமாகக் கழுவினாலும் சீவும்போதே நொறுங்கிவிடும்.

படங்களோடு எழுதினேன். கழுவாத கம்பளி என்றால் அழுக்கு இருக்கத்தான் செய்யும் என்று முதலில் பதில் வந்தது. நுனியைப் பற்றிக் கேட்டதும், நீங்கள் கழுவிக் கெடுத்துவிட்டீர்கள், கழுவியதைத் திரும்பப் பெற முடியாது என்றார். கழுவினால் இழை இறுகலாம், நுனி எப்படி மழுங்கும்? பையில் இன்னும் கழுவாமல் கிடப்பதும் அப்படியேதானே இருக்கிறது! அதற்குப் பதிலே இல்லை. சந்தைத் தளத்தாரோ, இயற்கைப் பொருளின் தன்மை மாறுபடும், விற்பனையாளரோடு பேசிக்கொள்ளுங்கள் என்று ஆயத்த வாசகத்தை அனுப்பி முறையீட்டை மூடிவிட்டார்கள். விளம்பரத்துக்குப் பொருந்தாத பொருளை 30 நாள்களுக்குள் நிராகரித்துப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் தருகிறதே என்று சுட்டிக்காட்டினால், தாம் வணிகர் அல்லர், பொழுதுபோக்காக விற்பவர் என்கிறார் அந்தப் பெண்மணி. அவருடைய பக்கத்தில் இன்றும் வரிசையாகக் கம்பளிகள் விற்பனைக்கு இருக்கின்றன. என் 140 பவுண்டு அவரிடம்தான் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது இவ்வளவுதான் முடிகிறது. கற்றையின் நுனியை அருகில் எடுத்த படத்தைக் கேளுங்கள். பை வந்ததும், தண்ணீரில் நனைப்பதற்கு முன்பே, பல இடங்களிலிருந்து கற்றைகளை எடுத்துச் சுண்டிப் பாருங்கள், எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அழகாகக் கழுவக் கற்றுத்தருகிறார் என்பதற்காக யாரிடமும் 140 பவுண்டைக் கொடுத்துவிடாதீர்கள்.