பிஎச்பில கமாண்ட் ஓட்டும்போது வர்ற கறுப்பு விண்டோ: நீண்ட நாள் அனுபவம்

விண்டோஸ்ல எக்ஸாம்ப் (அப்பாச்சி வெப் சர்வரும் பிஎச்பியும் சேந்து வர்ற பேக்கேஜ்) போட்டு, ஆளுங்க அப்லோட் பண்ற வீடியோவ பிஎச்பி ஸ்கிரிப்ட் வழியா எஃப்எஃப்எம்பெக்ல (கமாண்ட் குடுத்து வீடியோவ மாத்துற டூல்) கன்வர்ட் பண்ற செட்டப் ஒண்ண பல வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். பேக்ரவுண்ட்ல ஓடட்டும்னு எல்லாரும் ஸ்டார்ட் கமாண்ட்தான் போடுவாங்க, அதோட ஸ்லாஷ் பி (/B, புது விண்டோ வேணாம்னு சொல்ற ஆப்ஷன்) சேக்கலன்னா ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கறுப்பு விண்டோ தொறக்கும், அந்த மெஷின்ல உக்காந்து பில் போடுறவங்க அத க்ளோஸ் பண்ணா கன்வர்ஷனும் பாதில செத்துரும்.

விண்டோஸ்லயே இருக்கற டபிள்யூஸ்கிரிப்ட் டாட் ஷெல் (WScript.Shell) ஆப்ஜெக்ட் வெச்சு ரன் மெதட்ல விண்டோ ஸ்டைல் 0 குடுக்கறதயும் ரொம்ப நாள் யூஸ் பண்ணேன். விண்டோ சுத்தமா வராது, மூணாவது ஆர்க்யுமென்ட் ஃபால்ஸ்னா வெயிட் பண்ணாம பேஜும் உடனே லோட் ஆயிரும். ஆனா அவுட்புட் ஒண்ணும் கைக்கு வராது, பிஎச்பி 5.4.5க்கு அப்புறம் இந்த ஆப்ஜெக்ட பிஎச்பிலேர்ந்து கூப்பிடறதுக்கான காம் (COM) எக்ஸ்டென்ஷன பிஎச்பி டாட் ஐஎன்ஐங்கற செட்டிங்ஸ் ஃபைல்ல தனியா ஆன் பண்ணவும் வேணும்.

இப்ப நிம்மதியா ஓடறது அப்பாச்சிய சர்வீஸா (யாரும் லாகின் பண்ணாமலே பின்னாடி ஓடற மாதிரி) இன்ஸ்டால் பண்ண அப்புறம்தான். விஸ்டாலேர்ந்து சர்வீஸ் எல்லாமே செஷன் 0ல தனியா ஓடுது, அங்க விண்டோ தொறந்தாலும் லாகின் பண்ணவங்க ஸ்கிரீனுக்கு வராது. ஒண்ணு மட்டும் கவனிங்க, நீங்க மேப் பண்ணி வெச்ச இசட் ட்ரைவ் சர்வீஸ் கண்ணுக்குத் தெரியாது, பாத்-ல (PATH, ப்ரோக்ராம தேடற ஃபோல்டர் லிஸ்ட்) நீங்க உங்க யூசருக்கு மட்டும் சேத்ததும் தெரியாது, அதனால எஃப்எஃப்எம்பெக்கோட .exe ஃபைலுக்கு முழு பாத் குடுக்கறதுதான் நல்லது.

விண்டோவ மறைக்கறது சுலபம்ங்க, மறைச்சப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் பெரிய வேலை. எஃப்எஃப்எம்பெக் அதோட ப்ராக்ரஸ் முழுக்க எஸ்டிடி எர்ர்லதான் (stderr, எர்ரர் மெசேஜுக்குன்னு இருக்கற அவுட்புட்) கொட்டும், ப்ராக் ஓபன்ல (proc_open, வெளி ப்ரோக்ராம ஓட்டற பிஎச்பி ஃபங்ஷன்) அத பிஎச்பி படிக்கற பைப்பா தொறந்துட்டு படிக்காம விட்டா பைப் நெறஞ்சு ப்ராசஸ் அப்படியே நின்னுடும், எர்ரரும் வராது, முடியவும் முடியாது. அதனால எஸ்டிடி எர்ர நேரா ஒரு லாக் (log) ஃபைலுக்கு விட்டுருங்க, கூடவே எஃப்எஃப்எம்பெக் இன்புட்டுக்காக காத்திருக்காம இருக்க மைனஸ் நோஎஸ்டிடின் (-nostdin) சேத்துக்கங்க. வெயிட் பண்ற மாதிரி ஓட்டறீங்கன்னா அதுக்கு முன்னாடி செஷன் ரைட் க்ளோஸ் (session_write_close, அந்த யூசரோட பிஎச்பி செஷன் மேல இருக்கற பூட்ட எடுக்கற ஃபங்ஷன்) கூப்பிடுங்க, இல்லன்னா அதே யூசரோட அடுத்த பேஜ் எல்லாம் கன்வர்ஷன் முடியற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும்.

பிஎச்பி 7.4லேர்ந்து ப்ராக் ஓபனுக்கு கமாண்ட அரேயாவே குடுக்கலாம், நடுவுல ஷெல்லே (கமாண்ட் வரிய படிச்சு ஓட்டற ப்ரோக்ராம்) கெடயாது, அதனால ஃபைல் பேர்ல யாராச்சும் வேற கமாண்ட சொருகி ஷெல் வழியா ஓட்டவும் முடியாது. அப்லோட் பண்றவங்க வெக்கிற ஃபைல் பேர கமாண்ட்ல ஒட்டறவங்க மொதல்ல இதுக்கு மாறிடுங்க.