சாவிக்கு முன்பதிவாம்!

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மூன்று வார விடுப்பில் சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஈசூன் வீட்டுக்கு வந்தேன். சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் இந்தச் சாவிக் கதையை இறக்கி வைக்காமல் வேறெதுவும் எழுத வராது.

போன செவ்வாய் அம்மாவைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போக வேண்டும். கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாவது மாடியில் நின்று அப்பாவின் கார் சாவியை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறேன், அசைவே இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். "சாவிக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி இருக்கும்டா, உருவிக் கதவைத் தொற. அப்புறம் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, சாவியை ஸ்டார்ட் பட்டனோட ஒட்டிப் பிடி." திறந்ததும் அலாரம் அலறியது, எதிர் புளோக்கில் துணி காயப்போட்ட யாரோ ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். ஆனால் கார் கிளம்பிவிட்டது! சாவியின் பேட்டரி தீர்ந்துபோனாலும், உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லுக்கு அந்த நெருக்கத்தில் காரே மின்சாரம் கொடுத்துவிடுகிறது. பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிற எனக்கு இது தெரியாது.

தேக்காவில் காரை நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் பேசினேன். சாவி பேட்டரியை மாற்ற முன்பதிவு வேண்டுமாம், அடுத்த வியாழன்தான் இடமாம், ஐம்பத்திரண்டு வெள்ளியாம், அதாவது டாலர். பட்டன் பேட்டரிக்கு! கார் வைத்திருக்க வாங்கும் பத்து வருட உரிமமான சிஓஇ ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் பார்த்த ஊர், இது எம்மாத்திரம் என்று நினைத்திருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

ஆனாலும் மனது கேட்கவில்லை. பெர்த்தில் நானேதான் மாற்றுவேன். என்ன, 2022 ஜூனில் வந்த சட்டத்துக்குப் பிறகு பட்டன் பேட்டரி அட்டையைப் பிள்ளைகள் பிரிக்க முடியாது, கத்தரிக்கோல் இல்லாமல் நானும் பிரிக்க முடியாது. இங்கே பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கி, பத்துக் காசு நாணயத்தால் சாவியை நெம்பித் திறந்து போட்டேன். ம்ஹும்.

கடைசியில் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில், வாட்ச் பழுது பார்க்கும் பாயிடம் போனேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே மர ஸ்டூல், அதே ஒற்றைக் கண் லென்ஸ். "பசியாறியாச்சா தம்பி?" என்றபடி சாவியைப் பிரித்தார். நான் போட்ட பேட்டரி உள்ளே கலகலவென்று ஆடியது. "2025 நம்பர் பேட்டரி போட்டிருக்கீங்க. 20ங்கிறது அகலம், பின்னால வர்றதுதான் கனம். இது ரெண்டரை மில்லிமீட்டர், உங்களுக்கு மூணு புள்ளி ரெண்டு வேணும்." மூடியின் உட்புறம் காட்டினார். 2032 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது! பிளாஸ்டிக் இடுக்கியால் புதியதை எடுத்து, கூட்டல் குறி தெரிகிற மாதிரி வைத்து அழுத்தினார். டக். நாலு வெள்ளி.

"இதுக்குப் போயி இவ்வளவு நேரமா? மீனு நாறப்போகுது" என்று அம்மா முறைத்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குறுஞ்செய்தி வருகிறது: நாளை காலை பத்தரைக்கு உங்கள் முன்பதிவு, தாமதமின்றி வரவும்.